மேல்தோட்டத்து மண்

1

காலை மணி ஆறு நாற்பது. நடேசன் வீட்டுக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, ரோட்டின் நடுவே வேரோடு கிடந்த ஒரு திராட்சைக் கட்டை. இரவெல்லாம் பெய்த மழை நின்றிருந்தது. கட்டையைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் சேறு, செருப்பு புதையும் ஆழத்துக்கு.

இங்கே திராட்சைக்குப் பந்தல் கிடையாது. முழங்கால் உயரத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கும் கட்டைகள்தான். நம் ஊரில் பார்த்தால் பட்டுப்போன செடி என்று விறகுக்கு வெட்டிவிடுவோம். மலையடிவாரத்துச் சரிவில் வரிசை வரிசையாக நட்டிருப்பார்கள். வரிசைகளுக்கு இடையில் ஒரு புல் முளைக்க விடுவதில்லை. குதிரை பூட்டி உழுது உழுது மண்ணைத் தவிடு போல வைத்திருந்தால் நல்ல விவசாயி என்று பெயர். மழை பெய்தால் அந்தத் தவிடுதான் ரோட்டுக்கு வருகிறது.

நடேசன் என் பின்னால் வந்து நின்றார். கட்டையைக் காலால் புரட்டி வேரைப் பார்த்தார்.

“செவப்பு மண்ணு. நம்மளது இல்ல, பாய். மேல்தோட்டத்துது.”

சொல்லிவிட்டு, பனியனோடு அப்படியே சரிவில் ஏறத் தொடங்கினார். அவசரத்துக்குக் காரணம் உண்டு. அவர் பயிர் செய்யும் தோட்டம் அவருடையது அல்ல. விளைச்சலில் பாதிக்குப் பாதி வாரம். இந்த ஆண்டும் மழை மண்ணைக் கொண்டுபோனால், இங்கே குத்தகைக் கணக்கு முடியும் நாளான நவம்பர் பதினொன்றாம் தேதியோடு தோட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று சொந்தக்காரி சொல்லியிருந்தார். அப்போது அக்டோபர் முடிய இரண்டு நாள் இருந்தது.

2

நம் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி ஓராண்டு நிறைவதை ஒட்டி ஏதாவது எழுதி அனுப்பும்படி காரைக்கால் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். கொடியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்ததைவிடக் குறைவு. அதனால் அந்த வாரம் நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

நான் இருப்பது தென் பிரான்சில் ஒரு சிறு நகரம். செய்தித்தாள் அச்சகம் ஒன்றில் பிழை பார்க்கிறேன். ஊரில் இருந்தபோது எட்டு ஆண்டுகள் ஒரு வாரப் பத்திரிகைக்கு நீதிமன்றச் செய்தி எழுதியவன். வாப்பாவுக்குக் கப்பல் சரக்கு வியாபாரம். எங்கள் வீட்டில் அரிசி மூட்டையாகத்தான் வரும். அது எப்படி விளைகிறது என்று யாரும் கேட்டதில்லை.

நடேசன் காரைக்காலுக்குப் பக்கத்தில் சுரக்குடிக்காரர். பட்டாளத்தில் சேர்ந்து, போருக்கு முன்பே இந்தப் பக்கம் வந்து, திராட்சைத் தோட்டக் கூலிக் குடும்பத்துப் பெண்ணான லூசியை மணந்தவர். அவரை நான் சந்தித்தது நகரத்து அரசு அலுவலகத்தில். அடையாள அட்டைக்காகப் பலர் காத்திருந்தோம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் தாளில் பெயருக்குப் பதில் பிறந்த ஊர் வரியைப் பார்த்துவிட்டு “காரிக்கால்!” என்று பெயர் கூப்பிடுவது போலக் கூப்பிட்டாள். இரண்டு பேர் எழுந்தோம். அன்று மாலையே அவர் வீட்டுச் சாப்பாடு. எனக்கு அவர்கள் பன்றி போட்ட சட்டியைத் தொடாமல் தனியாக முட்டை பொரித்தார்கள். அது முதல் சனிக்கிழமை மாலை பஸ் ஏறிப் போய் ஞாயிறு இரவு திரும்புவது வழக்கமாகிவிட்டது.

இந்தக் கோடையில் அட்டையைப் புதுப்பிக்க இருவரும் மறுபடி போனோம். பிறந்த நாடு என்ன என்று கேட்டார்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் எழுதிவந்த பெயரையே சொன்னேன். அந்தப் பெயரில் இப்போது நாடு இருக்கிறதா என்று அந்தப் பெண் உள்ளே போய்க் கேட்டாள். அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். அடுத்த மாதம் வேறொருவர் இருந்தார். அவர் பழைய பெயரையே எழுதினார், ஆனால் பென்சிலால்.

“அழிச்சு எழுத வசதியா இருக்கட்டும்னு பாக்கறான்,” என்றார் நடேசன்.

அவருடைய பிரெஞ்சு பட்டாளத்துப் பிரெஞ்சு. சார்ஜண்டுகளிடம் கற்றது. எல்லோரையும் ‘நீ’ என்பார். தோட்டத்துச் சொந்தக்காரி மதாம் விதால் எழுபது வயதைத் தாண்டியவர், பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். அவரையும் நீதான். அந்த அம்மாள் மூன்று ஆண்டுகளாகத் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். முக்கியமான பேச்சு வந்தால் மட்டும் நடேசன் என்னை மொழிபெயர்க்கக் கூட்டிப் போவார்.

3

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு தோட்டத்தை ஏற்ற புதிதில், மழைக்கு மண் சரிவதைப் பார்த்து, சுரக்குடிக்காரர் யாரும் செய்வதை அவரும் செய்தார். வரப்பு போட்டார். சரிவுக்குக் குறுக்கே, முழங்கால் உயரத்துக்கு, மண்வெட்டியின் பின்பக்கத்தால் அடித்து மெழுகிய வரப்பு. இந்த ஊரில் அப்படியொன்றை யாரும் பார்த்ததில்லை. மாலையில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

முதல் பெருமழைக்குத் தண்ணீர் அந்த வரப்பில் நின்றது. நாற்று நடலாம் போல நின்றது. பிறகு ஓரிடத்தில் உடைந்தது. சேர்ந்து நின்ற தண்ணீர் மொத்தமும் அந்த ஒரு வாயால் இறங்கி, ஆள் மறையும் பள்ளம் வெட்டி, ஒரு வரிசைக் கட்டைகளைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று.

“நான் பட்டாளத்துக்குப் போற வரைக்கும் பாத்த ஒரே மேடு திருநள்ளாறு ரயிலடி மேடைதான், பாய்,” என்று பிற்பாடு சொன்னார். “தண்ணி நிக்கும், வடியும். அது உருண்டு வரும்னு எனக்கு யார் சொன்னா?”

நாம் ஆறு முடியும் இடத்துக்காரர்கள். ஆடியில் புதுத்தண்ணீர் வரும்போது அரசலாறு டீ நிறத்தில் ஓடும். அந்த நிறம் வேறு யாருடைய நிலத்திலிருந்தோ புறப்பட்டு வந்தது என்று நான் ஊரில் இருந்தவரை நினைத்ததில்லை. வண்டல் என்று ஒரு சொல் நமக்கு இருக்கிறது. வந்து சேரும் மண்ணுக்கு அது பெயர். போகும் மண்ணுக்குத் தனிப்பெயர் நம்மிடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு வரப்பு இல்லாமலே மண் போயிற்று. மதாம் விதாலின் தங்கை மகன் ஒருவன் தோட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். இன்னும் ஒரே ஒரு மழைக்காலம் பார்க்கிறேன் என்று அந்த அம்மாள் என் மூலமாகவே சொன்னார். நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். நடேசன் தலையாட்டினார். லூசி அடுப்படியில் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை.

4

இந்தச் செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு தூறல் விழுந்தது. மறுநாள் ஞாயிறு. நடேசன் வரிசைகளுக்கு நடுவே குனிந்து மண்ணை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மெழுகு பதம்,” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். ஊரில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், கதிர் நிற்கும்போதே, உளுந்தையும் பயறையும் வயலுக்குள் தெளிப்பார்கள். மண் அப்போது மெழுகு போல இருக்க வேண்டும். ரொம்ப ஈரமானால் விதை அழுகும், காய்ந்தால் முளைக்காது. பிறகு அறுப்பாட்கள் இறங்குவார்கள். அவர்கள் காலே விதையை அமுக்கிவிடும். உழவு கிடையாது. நெல் களத்துக்குப் போகும்போது வயலில் பயறு இரண்டு இலை விட்டிருக்கும்.

“இங்கயும் சில பேரு வெரைக்கிறான். பழம் பறிச்சப்புறம் உழுது, அப்புறம் வெரைக்கிறான். அதுக்குள்ள அக்டோபர் மழை வந்துடுது. உழுது பொலபொலன்னு வச்ச மண்ணு நேரா ரோட்டுக்குப் போயிடுது. நான் பழம் நிக்கும்போதே வெரைக்கப்போறேன். பறிக்க வர்ற ஸ்பெயின்காரன் மிதிச்சுட்டுப் போகட்டும்.”

பார்லியும் வெஸ்ஸும் கலந்து வைத்திருந்தார். வெஸ் என்பது பயறு வகைதான். கொடி, இலை எல்லாம் கொள்ளு மாதிரி இருக்கும், குளிர் தாங்கும். தோளில் சாக்கைக் கட்டிக்கொண்டு, பழுத்த கொத்துகளுக்கு நடுவே கைவீசித் தெளித்துக்கொண்டு போனார்.

அவர் மகள் தெரேஸுக்குப் பதினாறு வயது. என்னைத் தோந்தோன் என்பாள். இங்கே பிள்ளைகள் மாமா, சித்தப்பா எல்லோரையும் கூப்பிடும் ஒரே சொல். தமிழ் புரியும், பதில் பிரெஞ்சில் வரும். அன்று அவள் தோட்டத்துக்கு வரவில்லை.

“பஸ்ஸில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், தோந்தோன். உன் அப்பா திராட்சையில் மாடு மேய்க்கப் போகிறாரா என்கிறார்கள்.”

“நீ என்ன சொன்னே?”

“ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அது தெரியாதே.”

மேல்தோட்டத்துக்காரர் பெரான். அறுபது வயது, சுத்தமான விவசாயி, அவர் தோட்டத்தில் ஒரு புல் பார்க்க முடியாது. கஃபேயில் அவர் சொன்னது அன்று மாலைக்குள் எங்கள் காதுக்கு வந்தது: பழம் பறிக்கும் முன்பே இந்துக்காரன் தோட்டத்தைக் கைவிட்டுவிட்டான். இங்கே நம் நாட்டார் எல்லோருக்கும் இந்துக்காரன் என்றுதான் பெயர்.

“சொல்லட்டும். நம்ம ஊர்லயும் வயல்ல புல்லு நின்னா அப்படித்தானே பேசுவோம்?” என்றார் நடேசன். ஆனாலும் அதற்குப் பிறகு அந்தக் கஃபேக்கு அவர் போகவில்லை.

5

மழைக்கு மறுநாள் காலைக்கு வருகிறேன். நான் மேலே ஏறிப் போய்ச் சேர்ந்தபோது நடேசன் வரிசை நடுவே உட்கார்ந்திருந்தார். பார்லி ஒரு சாண் உயரம் வளர்ந்து, தண்ணீர் போன திசையில் படுத்திருந்தது. அதற்கு மேல் கணுக்கால் அளவுக்குச் சிவப்பு மண் தங்கியிருந்தது. கையை விட்டுத் துழாவினார். அடியில் அவருடைய சாம்பல் மண் அப்படியே இருந்தது.

“ஒரு கூடைகூடப் போகல, பாய். போகலங்கறது மட்டுமில்ல, வந்திருக்கு.”

பத்து மணிக்கு மதாம் விதால் தடியூன்றி வந்தார். ஏழெட்டு வரிசைகளில் தடியை அழுத்தி எடுத்து நுனியின் நிறத்தைப் பார்த்தார்.

“உங்கள் மண் எங்கே போயிற்று?”

“எங்கேயும் போகவில்லை. நீயே பார்,” என்றார் நடேசன்.

அந்த அம்மாள் ரொம்ப நேரம் பார்த்தார். “பதினொன்றாம் தேதி காலையில் வாருங்கள்,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். லூசி அப்போதே காப்பி போட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் சத்தமாகப் பேசினார்கள்.

மாதாகோயில் பூசை முடிந்து பெரான் வந்தார். குதிரை வண்டி, இரண்டு மண்வெட்டி, தொப்பியைக் கழற்றி வணக்கம். மேலிருந்து கட்டைகள் உருண்டு வந்ததற்கு வருத்தம் சொல்ல வந்திருக்கிறார் என்று நடேசன் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நடேசன் காப்பிக்குக் கூப்பிட்டார். பெரான் அப்புறம் குடிப்பதாகச் சொல்லி, கோட்டைக் கழற்றி ஒரு கட்டையில் மாட்டிவிட்டு, வரிசைக்குள் இறங்கிச் சிவப்பு மண்ணை வண்டியில் அள்ளிப் போட ஆரம்பித்தார்.

“என்ன செய்யறான்?” என்று நடேசன் என்னைக் கேட்டார்.

நான் பெரானைக் கேட்டேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். என் மண்ணை எடுக்கிறேன் என்றார்.

இங்கே அது வழக்கம் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். பெருமழைக்குப் பிறகு மேல்காரன் கீழே வந்து, தன் மண்ணை அள்ளிக் கூடையிலோ வண்டியிலோ திரும்ப மேலே கொண்டுபோவான். கீழ்க்காரன் வழிவிடுவான். யாரும் யாரையும் கேட்பதில்லை. நடேசனின் மண் இதுவரை கீழே ரோட்டுக்குப் போனதால், அவர் யாரிடமும் போய் அள்ளும் நிலை வந்ததில்லை.

நடேசன் வண்டிக்கு முன்னால் போய் நின்றார்.

“தண்ணி கொண்டாந்து போட்ட மண்ணு, பாய். தண்ணி எங்க விட்டுச்சோ அங்கதான் அது சொந்தம். குடகுக்காரன் சுரக்குடிக்கு வந்து, எங்க மலையிலேந்து வந்த வண்டலைக் குடுங்கன்னு கேட்டா சிரிப்பீங்களா மாட்டீங்களா? கேளுங்க அவனை.”

குடகு எங்கே இருக்கிறது, காவிரி எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று சொல்லி, நான் கேட்டேன். பெரான் மண்வெட்டியில் சாய்ந்தபடி முழுவதும் கேட்டார்.

“அந்தக் குடகுக்காரனுக்குத் தன் மண் எங்கே போயிற்று என்று தெரியாது,” என்றார். “எனக்குத் தெரியும்.”

நான் அதைத் தமிழில் சொன்னேன். நடேசன் நகரவில்லை. பெரான் அள்ளியதைத் திரும்பக் கொட்டிவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு, வண்டியை மதாம் விதாலின் வீட்டுப் பக்கம் திருப்பினார். ஒரு மணி நேரத்தில் மதாம் விதாலிடமிருந்து லூசிக்குச் செய்தி வந்தது: மண்ணைக் கொடுக்காவிட்டால் பதினொன்றாம் தேதி வர வேண்டியதில்லை.

எட்டு ஆண்டுகள் காரைக்கால் நீதிமன்றத்தில் நிலத் தகராறுகளை எழுதியிருக்கிறேன். வரப்பை வெட்டியது, மடையை அடைத்தது, தென்னை சாய்ந்து பக்கத்து வீட்டில் காய் விழுந்தது எல்லாம் வந்திருக்கின்றன. மண்ணைத் திருப்பிக் கேட்டு ஒருவர் வந்ததில்லை. திங்களன்று அச்சகத்தில் எங்கள் நீதிமன்ற நிருபரிடம் விசாரித்தேன். சட்டம் நடேசன் பக்கம் சாய்வதற்கு இடம் உண்டு என்றார். “ஆனால் அந்த ஊரில் குடியிருக்க வேண்டுமானால் கொடுத்துவிடச் சொல்,” என்றார்.

6

நவம்பர் முதல் தேதி நம் ஊரில் கொடியேற்றி இனிப்பு கொடுத்திருப்பார்கள். இங்கே அது இறந்தோரை நினைக்கும் விடுமுறை. ஊரே சாமந்திப் பூந்தொட்டிகளோடு கல்லறைக்குப் போயிற்று. லூசியின் பெற்றோர் அங்கே இருக்கிறார்கள். நான் வாசலில் நின்றேன். லூசிக்கு அன்று யாரும் வணக்கம் சொல்லவில்லை. அவள் பூவை வைத்துவிட்டு, கல்லைத் துடைத்துவிட்டு, வேகமாக வந்துவிட்டாள்.

வீட்டில் தெரேஸ்தான் பேச்சைத் தொடங்கினாள்.

“பப்பா, அது அவருடைய மண்.”

“அவன் மண்ணா இருந்தா அவன்கிட்ட நின்னிருக்கணும்.”

“நிற்காது. சரிவில் நிற்காது. அதனால்தான் எல்லோரும் திருப்பிக் கொடுக்கிறார்கள்.”

“ரெண்டு மாசம் முன்னால என் வெரைப்பைப் பாத்துச் சிரிச்சான். அந்த வெரைப்பு புடிச்சு வச்ச மண்ணு இது. இல்லேன்னா ரோட்டுலதானே கெடக்கும்? ரோட்டுல போய் அள்ளிக்கச் சொல்லு.”

“ரோட்டில் இருந்தாலும் அவருடையதுதான். இது திருட்டு, பப்பா.”

அவள் சொன்ன பிரெஞ்சுச் சொல்லுக்கு எனக்கு முன்பே நடேசனுக்குப் பொருள் தெரிந்திருந்தது. மேசையை விட்டு எழுந்து வெளியே போனார். தெரேஸ் என்னைப் பார்த்தாள். மொழிபெயர்ப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது அந்த வீட்டில் எனக்கு வேலை இல்லை.

அந்தச் சனிக்கிழமை போக முடியாமல், ஞாயிறு காலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் சரிவில் தெரேஸைப் பார்த்தேன். திராட்சை பறிக்கும் கூடையை முதுகில் மாட்டியிருந்தாள். கீழே நிரப்பி, மேலே பெரானின் தோட்டத்து ஓரத்தில் கொட்டிவிட்டு, மறுபடி இறங்கினாள். பெரான் தூரத்தில் தன் கட்டைகளை நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார். அவளைத் தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. நடேசன் வீட்டுச் சுவர் ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“காலையிலேந்து இதான் வேலை,” என்றார் என்னிடம். “ஒரு கூடைக்கு அரைக்கூடை வழியெல்லாம் கொட்டுது. மண்ணு சுமக்கத் தெரியல கழுதைக்கு.”

“நீங்க சொல்லிக் கொடுக்கலையா, நடேசண்ணே?”

“இங்க எவன் தலையில சுமக்கறான்?”

இன்னும் இரண்டு கூடை போகும் வரை நின்றார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் பின்னால் போனேன்.

மண்ணை வெட்டிப் பார்த்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. ஒரு வாரத்தில் பார்லி சிவப்பு மண்ணைத் துளைத்துக்கொண்டு நிமிர்ந்திருந்தது. வெஸ் அதன்மேல் படரத் தொடங்கியிருந்தது. தெரேஸ் அதுவரை மேலாக உதிர்ந்து கிடந்ததை மட்டும் வழித்திருக்கிறாள். மீதி மண்ணை எடுத்தால் பயிரும் வரும். பயிர் வந்தால் வேரைப் பிடித்துக்கொண்டு அடியிலிருக்கும் சாம்பல் மண்ணும் வரும். நடேசன் ஒரு பாளத்தை வெட்டித் திருப்பிப் பிடித்தார். மேலே சிவப்பு, கீழே சாம்பல், நடுவே வெள்ளை வேர். உலுக்கினார். உதிரவில்லை.

பெரான் மேலேயிருந்து இறங்கி வந்தார். அந்தப் பாளத்தைக் கையில் வாங்கினார். விரலால் வேரைப் பிரிக்கப் பார்த்தார்.

“இதை எப்படிப் பிரிப்பது?”

“பிரிக்க முடியாது. சேர்த்தே எடுத்துக்கொண்டு போ,” என்றார் நடேசன், பட்டாளத்துப் பிரெஞ்சில்.

“உன் மண்ணும் வருகிறதே.”

“வருகிறது.”

பெரான் வரிசைகளை மேலும் கீழும் பார்த்தார். ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் எடுத்தால் போதும் என்றார். மீதி வரிசைகளில் பயிர் நிற்கட்டும், எல்லாவற்றையும் உரித்துவிட்டால் அடுத்த மழைக்கு இரண்டு பேருக்கும் மண் இருக்காது என்றார். அதுவரை அவர் நடேசனிடம் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். நடேசன் கையைக் காட்டினார். “புரியுது, பாய்.”

மாலை வரை பாளம் பாளமாக வெட்டி வண்டியில் அடுக்கினார்கள். நடேசன் வெட்ட, பெரான் ஏற்றினார். தெரேஸ் குதிரையைப் பிடித்துக்கொண்டாள். இடையில் ஒருமுறை, பாளத்தைக் கவிழ்க்காமல் தூக்கும்படி நடேசன் பெரானை அதட்டியது கேட்டது. பெரான் முணுமுணுத்துக்கொண்டே சரிசெய்தார்.

7

பதினொன்றாம் தேதி காலை மதாம் விதாலின் சமையலறையில் வாரப் பத்திரம் எழுதப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கு. நான் வாசித்துப் பொருள் சொன்னேன். நடேசன் கையெழுத்துப் போட்டார். தங்கை மகனும் வந்திருந்தான். எழுந்திருக்கும்போது, அடுத்த ஆண்டும் பழம் பறிக்கும் முன்பே விதைப்பாயா என்று அந்த அம்மாள் கேட்டார். விதைப்பேன் என்றார் இவர். அந்தச் சம்பாஷணையில் ‘நீ’ இரண்டு பக்கமும் இருந்தது.

திரும்பும்போது மேல்தோட்டத்து வழியாக வந்தோம். மழை வெட்டிய பள்ளத்தைப் பெரான் தூர்த்து முடித்திருந்தார். பாளங்களை நெருக்கமாக அடுக்கியிருந்தார், பார்லி மேற்பக்கம் இருக்கும்படி.